ஒச்சப்பனின் கழுத்தும் என் பட்டியலும்

பிசியோதெரபிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

எனக்கு ஓய்வுபெறும் வயது ஆகிவிடவில்லை, முப்பத்திரண்டுதான். கணவருக்கு மாற்றல் வந்துவிட்டதால் இந்த மாதத்தோடு வேலையை விட்டு மதுரையிலிருந்து கிளம்புகிறேன். "சாவிய மட்டும் குடுத்துட்டுப் போயிடாதம்மா, வர்றவங்களுக்கு ஏதாச்சும் எழுதி வச்சுட்டுப் போ" என்றார் பெரிய டாக்டர். கருவிகளைப் பற்றி எழுதப் போவதில்லை. எந்தக் கயிறு எந்தக் கப்பியில் ஓடும், மெழுகுச் சட்டி சூடாக எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் ஒரே வாரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். நான் செய்த தவறுகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், எண் போட்டு. அதில் முதலாவதை மட்டும் எழுதுகிறேன். காலத்தால் அது முதலாவது அல்ல, கனத்தால்.

எண்பதுகளின் தொடக்கம். ஒச்சப்பன் என்பவர் வலது தோளிலிருந்து முழங்கை வரை வலி என்று வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், வயது நாற்பத்தெட்டு. சிம்மக்கல் வாழைக்காய் மண்டிகளில் லாரியிலிருந்து தார் இறக்கும் சுமைக்காரர்களுக்குத் தலைவர். முப்பது வருடம் தலையில் தார் சுமந்த கழுத்து அது. எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புகளின் ஓரம் வளர்ந்திருந்தது. அவற்றின் நடுவே தண்டுவடம் இறங்கும் வழி குறுகலாகத் தெரிந்தது.

பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "வலி கெடக்கட்டும், அது வரும் போகும். தண்டுவடம் நசுங்க ஆரம்பிச்சா கையும் காலும் சொல்லும். அதப் பாத்துக்கிட்டே இரு" என்றார்.

பார்த்துக்கொண்டே இருப்பதற்கு என்னைவிடத் தகுதியானவள் யார்? அன்று மாலையே பாடப்புத்தகத்தைப் பிரித்து ஐந்து கேள்விகளை எடுத்து, கோடு போட்டு, கட்டம் கட்டி, அவருடைய அட்டையின் பின்புறத்தில் ஒட்டினேன். ஒவ்வொரு முறை வரும்போதும் ஐந்தையும் கேட்க வேண்டும். பதில் சாதகமாக இருந்தால் கட்டத்தில் 'நன்று'.

முதல் முறை கேட்டதை அப்படியே தருகிறேன்.

"சட்டைப் பொத்தான் போடக் கஷ்டமா இருக்கா?"

"சட்டையா? அது கல்யாணங் காச்சிக்குத்தேன் தாயி. மத்த நாளு துண்டுதேன்."

நன்று.

"நடக்கும்போது செருப்பு தன்னால கழண்டு போகுதா?"

"செருப்பப் போட்டுக்கிட்டு எவன் தார் எறக்குவான்? வழுக்கி விட்ரும்."

நன்று.

"கையெழுத்து முன்ன மாதிரி இருக்கா, மாறியிருக்கா?"

"கட்ட வெரலு என்னிக்கி மாறுச்சு?"

நன்று.

"குனிஞ்சா முதுகுத் தண்டுல கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கா?"

"எங்க வீட்டுக்கு இன்னும் கரண்டே இழுக்கல தாயி. அடிச்சா எப்பிடி இருக்கும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

இதற்கும் நன்று என்றுதான் எழுதினேன். சிரிக்காதீர்கள், கட்டம் காலியாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஐந்தாவது, கைப்பிடி வலு. என் இரண்டு விரல்களைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். அன்றைக்கு மற்ற நோயாளிகளின் அட்டைகளை இடது கையால் எழுத வேண்டியதாயிற்று. மிக நன்று.

சிகிச்சை, டிராக்‌ஷன். நாற்காலியில் உட்கார வைத்து, தாடைக்கும் பிடரிக்கும் வார் மாட்டி, கப்பி வழியாக மணல்மூட்டையைத் தொங்கவிட்டுக் கழுத்தை மெல்ல மேலே இழுப்பது. முதல் நாளே கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டவர், "முப்பது வருசமா நான் தாரக் கட்டித் தொங்கவிட்டேன். இப்ப நீங்க என்னயத் தொங்கவிட்டுட்டீக" என்றார். வார் மாட்டிய வாயால் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அது அவரால் முடியவில்லை.

கூடவே பஞ்சு வைத்த கழுத்துப்பட்டை ஒன்றும் கொடுத்தோம். சுமை தூக்கவே கூடாது, வெளியே போனால் பட்டை போட வேண்டும் என்பது கட்டளை. இரண்டு வாரம் கழித்து நான் டவுன் பஸ்ஸில் சிம்மக்கல் வழியாகப் போகும்போது, மண்டி வாசலில் ஒச்சப்பன் நிற்கிறார். பட்டை போட்டிருக்கிறார். தலையில். துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைக்கும் இடத்தில் என் கழுத்துப்பட்டை வளையமாக உட்கார்ந்திருந்தது. அதன்மேல் ஒரு முழுத் தார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடினேன்.

"என்னண்ணே இது?"

"கழுத்துல போட்டா ஆளுக சிரிக்கிறாக தாயி. தலையில வச்சா பொறாமப்படுறாக. இம்புட்டு மெத்துன்னு ஒரு சும்மாட்ட இந்த மண்டியில எவனும் பாத்ததில்ல."

நான் திட்டினேன்; மற்ற சுமைக்காரர்கள் வட்டமாக நின்று ரசித்தார்கள். இனிமேல் ஆள் ஏவுவதோடு சரி, தலையில் எதையும் வைப்பதில்லை என்று சத்தியம் செய்தார். அதைக் காப்பாற்றவும் செய்தார். ஆனால் ஒன்றைக் கேட்காமல் வந்துவிட்டேன். துண்டைச் சுருட்டிச் சும்மாடு செய்வது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். அதை விட்டுவிட்டு ஏன் தயாராக வளைத்துவைத்த ஒன்றைத் தேடினார்? என் பட்டியலில் சும்மாடு பற்றிய கேள்வி இல்லை.

மூன்று மாதத்தில் வலி போய்விட்டது. அட்டை முழுக்க 'நன்று'. அந்த அட்டையை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன்.

அப்போது ஒரு நாள் காலை பதினொரு மணிக்குத் தேநீர் குடிக்க வாசலுக்கு வந்தேன். எதிர்ச்சாரியில் மாரிமுத்து அண்ணனின் சலூன். அதன் கதவு எப்போதும் திறந்திருக்கும். உள்ளே இருக்கும் பெரிய கண்ணாடி சாலையிலிருந்தே தெரியும். கண்ணாடியில் ஒச்சப்பன். சவரம் முடிந்து முகம் பளபளவென்று இருந்தது. மாரிமுத்து அண்ணன் ஒரு கையால் அவர் தாடையையும் மறு கையால் பின்மண்டையையும் பிடித்து, இடப்பக்கமாக மெல்லச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

நெட்டி எடுக்கப் போகிறார்.

சவரம் முடிந்ததும் இந்தக் கடைகளில் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் ஒரே வெட்டாக வெட்டிச் சொடக்குச் சத்தம் வரவைப்பது வழக்கம். உங்கள் அப்பாக்களும் எடுத்துக்கொண்டிருப்பார்கள், சுகமாக எழுந்து வந்திருப்பார்கள். வழி குறுகிய கழுத்தில் அது நடந்தால் என்ன ஆகலாம் என்று உங்களுக்கே தெரியும். உட்கார்ந்த நாற்காலியிலிருந்து அந்த மனிதர் எழுந்திருக்காமலே போகலாம்.

சாலையைக் கடந்தது நினைவில்லை. கடையின் வாசற்படியில் நின்றது நினைவிருக்கிறது. அந்த இரண்டு நொடியில் எனக்குள் ஓடியதும் நினைவிருக்கிறது. கத்தினால்? ஒச்சப்பன் படாரென்று திரும்புவார், அல்லது மாரிமுத்து அண்ணன் அதிர்ந்து கையை வெட்டுவார். பாய்ந்து கையைப் பிடித்தால்? இழுபறி, அதுவும் அந்தக் கழுத்தில்தான். 'நிறுத்துங்க' என்று சொன்னால்? இருபது வருடத் தொழில்காரர் வேலையின் நடுவில் நிறுத்த மாட்டார். எடுத்து முடித்துவிட்டுத்தான் என்ன என்று கேட்பார். ஆக, அவரே தன் இரண்டு கைகளையும் தானாக எடுக்க வேண்டும். எதைக் கேட்டால் எடுப்பார்?

சாதாரணக் குரலில் சொன்னேன்: "அண்ணே, எனக்கு முடி வெட்டணும்."

கைகள் நின்றன. ஆனால் தலையை விட்டு விலகவில்லை. "ஆருக்கு?"

"எனக்குத்தான். இந்தச் சடைய எடுத்துட்டு, கிராப்பு வெட்டி விடுங்க."

இரண்டு கைகளும் காற்றில் உயர்ந்தன. "ஆத்தாடி!" என்றார் மாரிமுத்து அண்ணன். பெஞ்சில் காத்திருந்தவர் விரித்திருந்த செய்தித்தாளைத் தாழ்த்தினார். நான் உள்ளே போய் ஒச்சப்பனின் தலையை என் இரண்டு உள்ளங்கைகளால் நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"திரும்பாதீங்க. அப்படியே இருங்க."

ஒச்சப்பன் கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தார். "தாயி, இது ஆம்பளைக கடை. நீங்க எதுக்கு இங்கிட்டு வந்தீக?"

"உங்க கழுத்த வாங்கிட்டுப் போக வந்தேன். நெட்டி எடுக்கச் சொன்னது யாரு?"

"நாந்தேன். வலிதேன் போயிருச்சுல்ல. கை மட்டும் மரத்தாப்ல கெடக்கு. ஒரு நெட்டி எடுத்தா வந்துரும்னு..."

மாரிமுத்து அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, இருவது வருசமா நெட்டி எடுக்குறேன். ஒருத்தனும் எங்கிட்ட கொற சொன்னதில்ல."

"உங்க கை மேல கொற இல்லண்ணே. இவரு கழுத்துக்குள்ள ஒரு சந்து இருக்கு. கைக்கும் காலுக்கும் போற நரம்பெல்லாம் அது வழியாத்தான் போகணும். அந்தச் சந்து வருசா வருசம் குறுகிக்கிட்டே வருது."

ஒச்சப்பன் யோசித்தார். "மண்டிச் சந்துக்குள்ள லோடு லாரி மாட்டுனாப்லயா? முன்னயும் போகாது, பின்னயும் வராது?"

"அதேதான்."

"அதுல ஒருத்தன் வந்து லாரியக் குலுக்குனான்னா..." அவரே நிறுத்திக்கொண்டார். மாரிமுத்து அண்ணன் தன் கைகளைத் துண்டில் துடைத்தார், சோப்பு எதுவும் இல்லாதபோதே.

இப்போதுதான் எனக்கு அந்தச் சொல் உறைத்தது. கை மரத்தாற்போல் கிடக்கிறது. நேற்றுக்கூட நன்று என்று எழுதினேனே?

"கை மரத்திருக்குன்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலயே தாயி. வெரல இறுக்கிப் பிடின்னீக. பிடிச்சேன்."

மாரிமுத்து அண்ணன் குறுக்கிட்டார். "ஏம்மா, இவரு முன்னயெல்லாம் நம்ம கடைப் பக்கமே வரமாட்டாரு. தானே சவரம் பண்ணிக்கிருவாரு. மூணு மாசமாத்தேன் வாராரு. கேட்டா பிளேடு நிக்க மாட்டேங்குதும்பாரு. பீடி பத்த வைக்கிறதப் பாருங்க, அரைப் பெட்டி தீக்குச்சிய ஒடிச்சுப் போடுவாரு. படியேறும்போது கதவப் பிடிச்சுக்கிட்டுத்தேன் ஏறுறாரு. உங்க ஆசுபத்திரில இதெல்லாம் பாக்குறதில்லயா?"

எங்கள் ஆஸ்பத்திரியில் சட்டைப் பொத்தான் பார்ப்போம்.

எதிரே இருக்கும் மனிதர் சட்டையே போடாதவர், செருப்பே அணியாதவர், எழுதாதவர் என்று கண்ணால் பார்த்துக்கொண்டே, அந்தக் கேள்விகளுக்கு மூன்று மாதம் மதிப்பெண் போட்டிருக்கிறேன். தார் தூக்கிய கையில் இறுக்கிப் பிடிக்கும் வலு கடைசிவரை இருக்கும். முதலில் போவது விரல்களின் நுணுக்கம். இது எனக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் இதே விடையை எழுதித் தேறியவள்தான்.

அங்கேயே, மாரிமுத்து அண்ணனின் தீப்பெட்டியை வாங்கிக் குச்சிகளைப் பலகையில் கொட்டினேன். என் கைக்கடிகாரத்தில் ஒரு நிமிடம். ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெஞ்சுக்காரர் நாற்பதைத் தாண்டினார், பெருமையாக. ஒச்சப்பன் வைத்தது பதினைந்து. அவரே மறுபடி எண்ணிப் பார்த்தார்.

பெரிய டாக்டரிடம் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று அடுக்கிக்கொண்டு போய், கடைசியில், "அட்டையில நான் எழுதினது எல்லாம் தப்பு சார்" என்றேன். முழுவதையும் கேட்டார். திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"சவரக் கதைய யார் சொன்னது?"

"எதிர்க்கடை மாரிமுத்து அண்ணன், சார்."

"அத அட்டையில எழுது. அவர் பேரப் போட்டு எழுது. உன் 'நன்று' எதையும் அடிக்காத, அப்படியே இருக்கட்டும்."

இன்றும் அந்த அட்டை பீரோவின் இரண்டாவது தட்டில் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

முதுகுத்தண்டில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தோம். இரண்டு இடங்களில் வழி அடைபட்டு, மருந்து கீழே இறங்காமல் நின்றது. டிராக்‌ஷனை அன்றோடு நிறுத்தினோம். ஒச்சப்பனையும் அவர் மனைவி பேச்சியம்மாவையும் உட்கார வைத்து டாக்டர் விளக்கினார். ஆபரேஷன் இல்லாவிட்டால் இது படிப்படியாக இறங்கும். மாதக்கணக்கில் ஒரே படியில் நிற்கும், குணமாகிவிட்டது என்று நினைக்க வைக்கும், திடீரென்று அடுத்த படி. ஆபரேஷன் செய்தால் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். போனது திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு.

"பெறகு சொம தூக்கலாமா?" என்றார் ஒச்சப்பன்.

"செஞ்சாலும் கூடாது, செய்யாட்டியும் கூடாது" என்றார் டாக்டர்.

பேச்சியம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "சொமையக் குப்பையில போடுங்க. இந்த மனுசன் தன் கையால சோறு திம்பாரா, நான் ஊட்டி விடணுமா? அத மட்டுஞ் சொல்லுங்க."

"இப்பவே செஞ்சா அவரே சாப்பிட வாய்ப்பு அதிகம்" என்றேன். "தள்ளிப் போட்டா சொல்ல முடியாது."

ஒச்சப்பன் எழுந்தார். "சரி, சித்திரைத் திருவிழா முடியட்டும்."

மதுரையில் வேலை பார்க்கப் போகிறீர்கள். இந்த வாக்கியத்துக்குத் தயாராக இருங்கள். அழகர் ஆற்றில் இறங்க அப்போது ஐந்து வாரம் இருந்தது. மல்லுக்கட்டினால் உசிலம்பட்டிக்குப் போய்விடுவார், திரும்ப மாட்டார். சரி என்று விட்டால், அந்த ஐந்து வாரத்தில் ஒரு படி இறங்கிவிடலாம். பயமுறுத்திச் சம்மதிக்க வைக்கலாமா என்று நினைத்தேன். பயந்து படுப்பவர் பயந்தே எழுந்து ஓடவும் கூடும்.

ஒரு புதுத் தீப்பெட்டியை எடுத்துப் பேச்சியம்மாவின் கையில் கொடுத்தேன். "உங்களுக்கு எண்ணத் தெரியுமில்லக்கா?"

"மண்டியில தார எண்ணிக்கிட்டே இருந்தவதேன் நானு. அங்கதேன் இவரு என்னயப் பாத்தாரு."

"வாரத்துக்கு ஒரு தடவ, ரேடியோவுல ஒரு பாட்டு ஆரம்பிச்சு முடியிற வரைக்கும் குச்சி எடுத்து வைக்கச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தேன். பிறகு எனக்கே உறைத்தது, கரண்ட் இல்லாத வீடு. பாட்டும் ஒவ்வொன்றும் ஒரு நீளம். என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து, நொடி முள்ளைக் காட்டினேன். "போன வாரத்தவிட ரெண்டு கொறஞ்சாலும் சரி, அன்னைக்கே கிளம்பிடணும். திருவிழாவா இருந்தாலும்."

ஒச்சப்பன் சிரித்தார். "தீக்குச்சியா எனக்குத் தீர்ப்புச் சொல்லப் போகுது?"

"ஆமா, நீ என் சொல்லக் கேக்க மாட்ட. அதாச்சும் சொல்லட்டும்" என்றார் பேச்சியம்மா.

முதல் வாரம் பதினைந்து. இரண்டாம் வாரமும் பதினைந்து. 'பாத்தீகளா' என்று சொல்லி அனுப்பினார். மூன்றாம், நான்காம் வாரங்களில் பதினான்கு. தூக்கக் கலக்கம் என்று காரணம் வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு இரண்டு நாளுக்கு முன், ஊரே மதுரையை நோக்கி நெரிந்துகொண்டிருந்த பஸ்ஸில், அவர் தலை ஆடாமல் தோள் கொடுத்துத் தாங்கியபடியே பேச்சியம்மா கூட்டி வந்துவிட்டார். எண்ணிக்கை பதினொன்று.

"எப்பிடி சம்மதிச்சாரு?"

"நான் ஒண்ணுஞ் சொல்லல தாயி. எண்ணுனேன். அவரும் எண்ணுனாரு. பெறகு அவரே துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டாரு."

"அழகரு ஆத்துல எறங்குமுன்ன நான் ஆசுபத்திரில எறங்கிட்டேன்" என்றார் ஒச்சப்பன், படுத்தபடி. திருவிழா முடிந்த வாரத்தில் ஆபரேஷன் நடந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது சுருக்கமாக நடக்கவில்லை. படுக்கையில் உட்கார ஆறு நாள். இரண்டு பேர் பிடித்து நடக்க மூன்று வாரம். ஒவ்வொரு வாரமும் தீக்குச்சி. பதினொன்று. பத்து, அன்று நான் மதியம் சாப்பிடவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. மறுபடி பதினொன்று. ஒச்சப்பனுக்கு இது பெரிய ஏமாற்றம். "இம்புட்டுக்கும் அறுத்துத் தச்சு, அதே பதினொண்ணுதேனா?" என்று என்னிடம் சண்டை போட்டார். நாம் மற்ற நோயாளிகளிடம் ஏறும் எண்ணைத்தான் எதிர்பார்க்கிறோம். இந்த நோயில் இறங்காத எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படப் பழகுங்கள். அதை நோயாளிக்கும் பழக்க வேண்டும். அது ஆபரேஷனைவிட நேரம் எடுக்கும் வேலை.

கேள்விப் பட்டியலை நான் கைவிடவில்லை. உங்களுக்கு அச்சடித்துத் தருவதும் பட்டியல்தான். ஆனால் கேள்விகளுக்கான இடம் காலியாக இருக்கும். ஒவ்வொருவரும் காலை எழுந்ததிலிருந்து கையால் என்ன செய்கிறார் என்று முதலில் கேட்டு, அதிலிருந்து ஐந்தை நீங்களே நிரப்ப வேண்டும். தறிக்காரருக்கு இழை முடிச்சு. பூக்கட்டுபவருக்கு நார். கூட வருபவர்களிடமும் கேளுங்கள், எதிர்க்கடையிலும்.

ஆறு மாதம் கழித்து ஒரு மதியம் ஒச்சப்பனும் பேச்சியம்மாவும் பரிசோதனைக்கு வந்தார்கள். கம்பு ஊன்றி, கால் சற்று விறைப்பாக, ஆனால் தானாக நடந்து வந்தார். என்னிடம் வரும் முன் வராந்தா ஓரத்தில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புளிச்சோற்றைப் பிசைந்தார், மெதுவாக. உருட்டினார். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் சிந்தியது. பேச்சியம்மாவின் கை தானாக எழுந்து, பாதியில் நின்று, முந்தானையைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டது.

"சோறு திங்கிறியா, காக்காய்க்கு வைக்கிறியா?" என்றார் பேச்சியம்மா.

"ரெண்டுந்தேன்" என்று சொல்லிவிட்டு, ஒச்சப்பன் அடுத்த உருண்டையைப் பிடித்தார்.